பரமபதப் படமும் கணினி ஆட்டமும்



ஆண்டுதோறும் நம் சங்கத்தின் விழா மலரில் புலவர் பெருமக்கள் எழுதும் கட்டுரைகளைப் படித்து மகிழ்பவனேயன்றி, எழுதிப் பழகியவன் அல்லேன். பத்தாம் வகுப்புத் தேறி, தலைநகருக்கு வந்து, இரயில்வே அலுவலகம் ஒன்றில் எழுத்தராக அமர்ந்து, கோப்புகளோடு இருபதாண்டுகளுக்கு மேல் காலங்கழித்தவன். ஆயினும் மலர்க்குழுவினர் அன்புடன் பணித்தமையாலும், என் வீட்டில் எழுந்த வினா ஒன்று பல இரவுகள் என்னை உறங்கவொட்டாமல் செய்தமையாலும், இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். குற்றம் காணின் பொறுத்தருள்க.

சென்ற மார்கழி வைகுண்ட ஏகாதசியன்று, வழக்கம்போல் எங்கள் குடியிருப்பில் நாலைந்து குடும்பத்தார் ஒன்றுகூடினோம். தில்லிக் குளிரில் ரஜாயைப் போர்த்துக்கொண்டு, நடுவில் பரமபதப் படத்தை விரித்து, தாயக்கட்டை உருட்டிக் கண்விழித்தோம். பெரியவர்களும் சிறுவர்களும் ஏணியில் ஏறி மகிழ்ந்தோம். பாம்பில் இறங்கி நகைத்தோம். மறுநாள் மாலை, பதினோராம் வகுப்பில் பயிலும் என் மகன் கைப்பேசியில் ஏதோ ஓர் ஆட்டத்தில் ஆழ்ந்திருக்கக் கண்டு, "பொழுதை வீணாக்குகிறாயே!" என்று சினந்து அதனைப் பிடுங்கினேன். அவன் எதிர்த்துப் பேசும் இயல்பினன் அல்லன். ஆயினும் அன்று கேட்டான்:

"விடிய விடிய நீங்கள் ஆடினால் புண்ணியம், நான் ஒரு மணி நேரம் ஆடினால் பாவமா அப்பா? உங்கள் படத்தில் பாம்பு; என் ஆட்டத்தில் அரக்கன். என்ன வேறுபாடு?"

யான் வாளாவிருந்தேன். அவன் சற்றுத் தாழ்ந்த குரலில் மேலும் சொன்னான்: "படி என்கிறீர்கள், தேர்வு எழுது என்கிறீர்கள், வேலைக்குப் போ என்கிறீர்கள். அதன் பிறகு என்ன என்பதை யாரும் சொல்வதில்லை. ஆட்டத்திலாவது எதற்காக ஓடுகிறேன் என்பது எனக்குத் தெரிகிறது அப்பா."

முதல் வினா என் வாயை அடைத்தது; இரண்டாம் வினா என் நெஞ்சைத் தைத்தது. ஏனெனில் அந்த "அதன் பிறகு என்ன?" என்பதனை என் வாழ்நாளில் யானும் கேட்டதில்லை, என்னை யாரும் கேட்டதுமில்லை. விடை தேடி நூல்களைப் புரட்டினேன். விளையாட்டின் வாயிலாக வாழ்வின் பொருளை நாடிய முயற்சி நம் நாட்டில் மிகத் தொன்மையானது என்பதும், அஃது இன்று கணினித் திரை வரை வந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் புலனாயின. அறிந்தவற்றை முறையாக உங்கள் முன் வைக்கின்றேன்.

இந்திரப்பிரத்தம் இழந்த ஆட்டம்

விளையாட்டு மனிதனோடு உடன் பிறந்தது. மொகஞ்சதாரோ, அரப்பா ஆகிய இடங்களில் நிகழ்ந்த அகழாய்வுகளில் பகடைகள் கிடைத்துள்ளன. நம் வைகைக் கரையில் 2015-ஆம் ஆண்டு தொடங்கிய கீழடி அகழாய்விலும் பகடைகளும் ஆட்டக் காய்களும் வெளிப்பட்டன. வடக்கே சிந்துவெளியிலும் தெற்கே வைகைவெளியிலும் உழைத்துக் களைத்த மக்கள் ஆடிக் களித்தனர் என்பதற்கு இவை சான்று.

நாம் வாழும் இத்தில்லியோ ஓர் ஆட்டத்தில் பணயமாக வைக்கப்பட்ட நகரம் என்று சொல்லத்தகும். யமுனைக் கரையிலுள்ள பழைய கோட்டை நிற்கும் மேடே பாண்டவரின் இந்திரப்பிரத்தம் என்பது நெடுநாளைய மரபு. 1954-55-இலும், மீண்டும் 1969 முதல் 1973 வரையிலும் அங்கு நிகழ்ந்த அகழாய்வுகளில் வண்ணம் தீட்டிய சாம்பல்நிறப் பானையோடுகள் கிடைத்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளை அழைத்துச் சென்று நாம் அமரும் அப்புல்வெளியில், பாரதக் கதையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தருமன் அத்தினாபுரத்து அவையில் சூதாடி நாடிழந்தான், தம்பியரை இழந்தான், தன்னை இழந்தான், திரௌபதியையும் இழந்தான். இதனை யாவரும் அறிவோம். ஆனால் நாம் பெரும்பாலும் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. திருதராட்டிரன் அளித்த வரத்தால் இழந்த அனைத்தும் திரும்பக் கிடைத்தன. பாண்டவர் ஊர் திரும்பவும் புறப்பட்டுவிட்டனர். அப்போது மீண்டும் ஓர் அழைப்பு வந்தது. தருமன் மறுக்கவில்லை, திரும்பிச் சென்று ஆடினான், பன்னிரண்டு ஆண்டு காடும் ஓராண்டு மறைவாழ்வும் பெற்றான். முதல் ஆட்டத்தில் அவனைத் தோற்கடித்தவன் சகுனி. இரண்டாம் ஆட்டத்தில் அவனைத் தோற்கடித்தது, எழுந்து போக இயலாத அவன் மனமே.

திருவள்ளுவப் பெருந்தகை 'சூது' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அது திருக்குறளின் 94-ஆம் அதிகாரம். இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்திலும் சூதாடி ஒருவனின் புலம்பலாக ஒரு பாடல் உண்டு. ஆக, ஆட்டம் மனிதனை விழுங்கும் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். அறிந்திருந்தும் அவர்கள் ஆட்டத்தை முற்றும் விலக்கிவிடவில்லை. அதனையே அறிவுக்கும் அறத்துக்கும் கருவியாக்கினர்.

அறுபத்துநான்கு கட்டங்கள்

சதுரங்கம் என்பது யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறிக்கும் சொல். ஏறத்தாழ கி.பி. ஆறாம் நூற்றாண்டளவில் நம் நாட்டில் தோன்றிய இவ்வாட்டம், பாரசீகம் சென்று 'சத்ரங்' ஆயிற்று. அரேபியர் நாவில் 'சத்ரஞ்ச்' ஆயிற்று. பின் ஐரோப்பா சென்று உலகெங்கும் பரவிற்று. இன்றும் பழைய தில்லியின் சந்துகளில் இதனைச் 'சத்ரஞ்ச்' என்றே வழங்குவர். நம் பெயர் அயல்நாடு சென்று உருமாறி, அயல்நாட்டார் சொல்லாகவே நம் தெருவுக்குத் திரும்பியது விந்தையன்றோ! சோழநாட்டில் நீடாமங்கலத்தை அடுத்த பூவனூரில் சிவபெருமானுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்றே திருப்பெயர். இறைவன் அரசிளங்குமரியோடு சதுரங்கம் ஆடி வென்று அவளை மணந்தான் என்பது அத்தலத்து வரலாறு.

இதே பலகை ஒருவர்க்குக் கேடாகவும் மற்றொருவர்க்கு வாழ்வாகவும் அமைந்ததற்கு இரண்டு சான்றுகள் கூறுவேன்.

1856-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் அயோத்தி அரசைக் கவர்ந்தனர். மன்னர் வாஜித் அலி ஷா முடியிழந்தார். அந்நாளைய இலக்குமணபுரி வாழ்வைப் பின்புலமாகக் கொண்டு இந்தி எழுத்தாளர் பிரேம்சந்த் 1924-இல் 'சத்ரஞ்சு கே கிலாடி' என்னும் சிறுகதை எழுதினார். நாடு பறிபோகும் வேளையில் பிரபுக்கள் இருவர் சதுரங்கத்திலேயே மூழ்கிக் கிடக்கின்றனர். தம் மன்னனுக்காக வாளெடுக்காத அவர்கள், பலகை மேலுள்ள மரத்து அரசனுக்காகச் சண்டையிட்டு ஒருவரையொருவர் வெட்டி மாய்கின்றனர். 1977-இல் சத்யஜித் ராய் இக்கதையைத் திரைப்படமாக்கியபோது முடிவை மாற்றினார். அதில் அவர்கள் சாவதில்லை. சண்டை தணிந்து மீண்டும் ஆட அமர்கின்றனர். எந்த முடிவு அதிகக் கொடியது என்று என்னால் இன்றும் கூற இயலவில்லை.

மற்றொரு சான்று நம்மவர். மயிலாடுதுறையில் 1969-இல் பிறந்த விசுவநாதன் ஆனந்த் அவர்களின் தந்தையார் தென்னக இரயில்வேயின் பொது மேலாளராக விளங்கியவர் என்பதை, இரயில்வே ஊழியன் என்ற முறையில் சிறிது பெருமையோடு குறிப்பிடுகின்றேன். ஆனால் ஆட்டத்தைக் கற்பித்தவர் அன்னையார் சுசீலா அவர்கள். அப்போது சிறுவர்க்கு வயது ஆறு. பின்னர்த் தந்தையாரின் பணியின் பொருட்டுக் குடும்பத்தார் பிலிப்பைன்சு நாட்டு மணிலாவில் வாழ்ந்தனர். அங்கே தொலைக்காட்சியில் நண்பகலில் சதுரங்கப் புதிர் ஒன்று ஒளிபரப்பாகும். மகன் பள்ளியில் இருக்கும் நேரத்தில் அன்னையார் அதனைக் குறித்து வைப்பார். மாலையில் இருவரும் அமர்ந்து விடுவித்து விடையை அஞ்சலில் அனுப்புவர். பலமுறை பரிசு வென்றமையால், வேண்டிய நூல்களை எடுத்துக்கொண்டு இனி விடை அனுப்பாதிருக்குமாறு நிகழ்ச்சியார் கேட்டுக்கொண்டனராம்! ஒரு தாய் தன் மகன் அருகில் அமர்ந்து ஆடிய அம்மாலைப் பொழுதுகளே பிற்காலத்து உலக வெற்றியின் வித்து.

1961-இல் மேனுவல் ஆரன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1988-இல் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். 2000-ஆம் ஆண்டு உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் வாகையர் போட்டி இத்தில்லியில் தொடங்கி, இறுதிச் சுற்று தெஹ்ரானில் நிகழ, அதில் ஆனந்த் வாகை சூடினார். 2013-இல் தாம் வளர்ந்த சென்னையிலேயே கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். மனம் உடைந்து ஒதுங்கினாரா? இல்லை. மறு ஆண்டே தகுதிப் போட்டியை வென்று மீண்டும் பட்டத்துக்குப் போட்டியிட்டார். 2017-இல், 48 வயதில், உலக விரைவுச் சதுரங்கப் பட்டம் வென்றார். 2022-இல் 44-ஆம் சதுரங்க ஒலிம்பியாடு மாமல்லபுரத்தில் நிகழ்ந்தது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சென்னை இளைஞர் குகேஷ் 18 வயதில் உலக வாகையர் ஆனார்.

இங்கே ஒன்று சிந்திக்கத் தக்கது. 1997-ஆம் ஆண்டு மே திங்களிலேயே 'டீப் புளூ' என்னும் கணினி, அந்நாளைய உலக வாகையர் காஸ்பரோவைத் தொடர் ஆட்டத்தில் வென்றுவிட்டது. எந்திரம் தன்னை வெல்லும் என்று அறிந்த பின்னும் மனிதன் சதுரங்கத்தைக் கைவிட்டானா? குகேஷ் பிறந்ததே அதற்கு ஒன்பதாண்டு கழித்து, 2006-இல். ஆகவே ஆட்டத்தின் பயன் வெற்றியில் மட்டும் இல்லை. ஆடுபவன் தன்னைத் தானே செதுக்கிக்கொள்வதில் இருக்கிறது.

ஏணியும் பாம்பும்

இனிப் பரமபதத்துக்கு வருவோம். வட இந்தியாவில் இதற்கு 'ஞான சௌபட்' என்று பெயர். சமணர் படங்களில் 84 கட்டங்கள். வைணவர் படங்களில் 72 கட்டங்கள். சூபி நெறியினர் அமைத்த படங்களில் 100 கட்டங்கள். தமிழ்நாட்டுப் படங்களில் கட்டங்களின் எண்ணிக்கை படத்துக்குப் படம் மாறும். கட்டந்தோறும் ஒரு குணமோ, உலகமோ, பிறவியோ எழுதப்பட்டிருக்கும். நற்குணத்தில் ஏணி, தீக்குணத்தில் பாம்பு, உச்சியில் வீடுபேறு. சமயங்கள் தம்முள் மாறுபட்டாலும், வாழ்வுக்கு ஒரு நோக்கம் உண்டு, அதற்கு ஒரு வழி உண்டு என்னும் கருத்தை ஒரே வடிவப் படத்தில் வரைந்து வைத்தது எண்ணி வியக்கத்தக்கது.

இவ்வாட்டம் ஆங்கிலேயரால் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1892-ஆம் ஆண்டளவில் அங்கு விற்பனைக்கு வந்தது. முதலில் அங்கும் நற்செயலும் தீச்செயலும் படமாகக் காட்டப்பட்டன. 1943-இல் அமெரிக்காவில் பாம்புகள் நீங்கிச் சறுக்குமரங்கள் இடம்பெற்றன. நாளடைவில், பல நாடுகளில் எண்களும் வண்ணங்களும் எஞ்சின. உச்சியில் இருந்த வீடுபேறு மறைந்து 100 என்னும் எண் நின்றது. உருவம் வாழ்ந்தது, உட்பொருள் தேய்ந்தது.

சிறுவயதில் தஞ்சைத் தரணியிலிருந்த எங்கள் வீட்டில் பாட்டியாருடன் பரமபதம் ஆடுவேன். உச்சிக்கு ஒரு கட்டம் கீழே இருந்த பெரும்பாம்பில் விழுந்து யான் அழுதால், "அழாதேடா, கட்டை இன்னும் கையில்தானே இருக்கிறது!" என்பார். வளர்ந்து வேலையில் அமர்ந்தபின் துறைத்தேர்வில் இருமுறை தவறினேன். பணிமூப்புப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் பரமபதப் படமே நினைவுக்கு வரும். ஏணியும் பாம்பும் கட்டையின் செயல்; நம் செயல் என்று ஒன்றும் இல்லை என்று சோர்ந்தேன். ஆனால் பாட்டியார் சொன்னது அதுவன்று என்பது இப்போதுதான் விளங்குகிறது.

உற்றுநோக்கின் நம் ஆட்டங்கள் மூவகை. பரமபதத்தில் எல்லாம் ஊழ். ஆடுபவன் தேர்ந்தெடுப்பது ஒன்றுமில்லை. சதுரங்கத்தில் எல்லாம் முயற்சி, ஊழுக்கு இடமில்லை. தாயமோ இரண்டும் கலந்தது; விழும் எண் நம் கையில் இல்லை, ஆனால் எந்தக் காயை நகர்த்துவது என்பது நம் கையில் உண்டு. வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினை உடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். ஒன்றைக் கூறி மற்றொன்றை விட்டாரில்லை. வாழ்க்கை பரமபதமும் அன்று, சதுரங்கமும் அன்று. தாயம் போன்றது என்பதே என் சிற்றறிவுக்கு எட்டிய கருத்து.

ஆட்டத்தை ஆராய்ந்த அறிஞர்

மேலைநாட்டு மெய்யியலாரும் இத்துறையில் சிந்தித்துள்ளனர். ஆலந்து நாட்டு வரலாற்றறிஞர் யோகான் ஹுய்சிங்கா 1938-இல் 'ஹோமோ லூடென்ஸ்' என்னும் நூலை வெளியிட்டார். 'ஆடும் மனிதன்' என்பது அதன் பொருள். சட்டம், கவிதை, சமயச் சடங்கு ஆகியவற்றினூடேயும் விளையாட்டின் தன்மை ஓடுகிறது என்று அவர் விளக்கினார். இவ்வாறு எழுதியவர் வாழ்வை விளையாட்டாக எண்ணியவர் அல்லர். நாசிகள் தம் நாட்டைப் பிடித்தபோது அவர்களைக் கண்டித்தமையால் 1942-இல் சிறைப்பட்டு, பின் ஊர் திரும்ப இசைவின்றி, 1945-இல், நாடு விடுதலை பெறுவதற்குச் சில மாதங்கள் முன்னே மறைந்தார்.

1978-இல் பெர்னார்டு சூட்ஸ் என்னும் மெய்யியலார் 'வெட்டுக்கிளி' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். தேவையற்ற தடைகளை நாமே விரும்பி ஏற்று அவற்றைக் கடக்க முயல்வதே ஆட்டம் என்பது அவர் கருத்து. பந்தைக் கையால் எடுத்துச் சென்று வலைக்குள் வைத்துவிடலாம்; ஆனால் காலால்தான் உதைப்பேன் என்று விதி வகுத்துக்கொள்கிறோம். அவ்விதியே உழைப்புக்குச் சுவையூட்டுகிறது.

இங்கேதான் என் மகனுடைய வினாவுக்கு ஒரு கீற்று விடை கிடைத்தது. ஆட்டத்தில் இலக்கு தெளிவு, விதி தெளிவு, முயற்சியின் பயன் உடனே கண்முன் தெரியும். வாழ்க்கையில் இம்மூன்றும் மங்கலாக இருக்கின்றன. ஆதலால் இளைஞர் ஆட்டத்துக்குள் புகுவது சோம்பலால் மட்டுமன்று. பொருளுள்ள முயற்சியின்மேல் கொண்ட பசியாலும் ஆகும். பசித்தவனை ஏசுவதால் பசி தீராது.

திரையில் எழுந்த பரமபதம்

பிள்ளைகள் 'வீடியோ கேம்' என வழங்கும் கணினி ஆட்டத்தின் வரலாறும் நாம் நினைப்பதைவிடப் பழையது. 1958-இல் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் பார்வையாளர் மகிழ வேண்டி இயற்பியலார் வில்லியம் ஹிகின்பாதம் திரையில் டென்னிசு ஆட்டம் ஒன்றை அமைத்தார். 1962-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து இளைஞர்கள் விண்வெளிப் போர் ஆட்டம் ஒன்றை உருவாக்கினர். 1972-இல் 'பாங்' ஆட்டமும், 1980-இல் 'பேக்மேன்' ஆட்டமும் கடைத்தெருவுக்கு வந்தன. 1984-இல் சோவியத் நாட்டு அலெக்சி பாசித்நோவ் 'டெட்ரிஸ்' படைத்தார்.

இவற்றுள் நம் பரமபதத்துக்கு உடன்பிறப்பு என்று யான் கருதுவது 1985-இல் வெளிவந்த 'அல்டிமா' வரிசையின் நான்காம் ஆட்டம். அதனைப் படைத்தவர் ரிச்சர்டு கேரியட். விண்வெளி வீரர் ஓவன் கேரியட்டின் மைந்தர். அதன் துணைத்தலைப்பில் 'அவதார்' என்னும் நம் சொல்லே இடம்பெற்றுள்ளது. அதுவரை வந்த இத்தகைய ஆட்டங்களில் கொடியவன் ஒருவனைக் கொல்வதே முடிவு. இதிலோ அத்தகைய எதிரி இல்லை. வாய்மை, அன்பு, துணிவு என்னும் மூன்று அடிப்படைகளிலிருந்து நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டு அறங்கள் கிளைக்கின்றன. அவற்றில் தேர்ச்சி பெறுவதே ஆட்டத்தின் நோக்கம்.

அதில் ஓர் இடத்தை நினைத்து நினைத்து வியந்தேன். பச்சிலை விற்கும் பார்வையற்ற ஒருவரிடம் ஆடுபவன் பொருள் வாங்குகிறான். விலையை அவனே எண்ணிக் கொடுக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் அவருக்குத் தெரியாது, யாரும் தடுப்பதில்லை, மணி ஒலிப்பதில்லை. ஆனால் அவனுடைய நேர்மைக் கணக்கு உள்ளே குறைந்துவிடுகிறது. பின்னொரு நாள் அவன் உயர முயலும்போது அது வழிமறிக்கிறது. நம் பரமபதத்தில் ஏணியைக் கட்டை தருகிறது. இவ்வாட்டத்தில் ஏணியை ஒழுக்கம் தருகிறது. நம் முன்னோர் வரைந்த படத்தில் இல்லாதிருந்த 'தேர்வு' என்னும் கூறு இங்கே வந்து சேர்ந்தது எனலாம்.

2012-இல் 'ஜர்னி', அதாவது பயணம், என்னும் ஆட்டம் வெளிவந்தது. பாலைவெளியில் ஒரு பயணி தொலைவில் ஒளிரும் மலையை நோக்கி நடக்கிறான். வழியில் உலகின் ஏதோ ஒரு மூலையில் ஆடிக்கொண்டிருக்கும் முன்பின் அறியாத ஒருவர் துணையாக வரக்கூடும். பேச இயலாது, பெயரும் தெரியாது, ஓர் இசையொலி எழுப்பலாம், அவ்வளவே. அயலூர் வந்து, மொழி தெரியாத நகரத்தில், யாரோ ஒருவர் காட்டிய வழியில் நடந்து வீடு சேர்ந்த நம்மில் பலர்க்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

நார்வே நாட்டுத் தந்தை ஒருவர்

இனிக் கூறப்போவது என்னை மிகவும் உருக்கிய வரலாறு. நார்வே நாட்டில் 1989-இல் பிறந்த மாட்ஸ் ஸ்டீன் என்பவர் தசைகள் நாளடைவில் வலுவிழக்கும் பிறவி நோய்க்கு ஆளானவர். சக்கர நாற்காலியில் முடங்கிய அவர், நாளின் பெரும்பகுதியை 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் கணினி ஆட்டத்தில் கழித்தார். பெற்றோர் வருந்தினர். மகன் நட்பும் காதலும் அறியாமல், யாருக்கும் பயன்படாமல் தனித்து மறைகிறானே என்று ஏங்கினர். 2014-இல், 25 வயதில், அவர் இறந்தார். அவர் இணையத்தில் எழுதிவந்த பக்கத்தில் தந்தையார் அச்செய்தியை அறிவித்தார். பின்னர் மடல்மேல் மடல் வந்தது. பல நாடுகளில் வாழ்ந்தோர், தம் துயர நாளில் மாட்ஸ் ஆறுதல் கூறியதையும், பிரிந்த உறவைச் சேர்த்துவைத்ததையும் எழுதினர். சிலர் அயல்நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்து நின்றனர். ஆட்டத்தில் 'இபெலின்' என்னும் பெயரில் அவர் ஒரு முழு வாழ்வு வாழ்ந்திருந்தார். 2024-இல் அவர் வாழ்க்கை ஆவணப்படமாக வெளிவந்தது.

அப்பெற்றோர் அன்பில் குறைந்தவர் அல்லர். ஆயினும் மகன் இருந்தபோது அவர் எங்கே வாழ்கிறார் என்பதை அவர்கள் முழுதும் அறிந்திருக்கவில்லை. இதனைப் படித்த இரவில், அடுத்த அறையில் உறங்கிய என் மகனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

சூதும் ஆட்டமும் ஒன்றல்ல

இதனால் கணினி ஆட்டம் அனைத்தும் நன்று என்று கூறினேன் அல்லேன். உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்டு 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் ஆட்ட அடிமைநிலையும் ஒரு நோயாக இடம்பெற்றுள்ளது. தன் கட்டுப்பாட்டை இழத்தல், மற்றெல்லாக் கடமைக்கும் மேலாக ஆட்டத்தை வைத்தல், கேடு விளைந்தும் விடாதிருத்தல் ஆகியவை பொதுவாக ஓராண்டேனும் நீடித்தால் அந்நோய் எனக் கொள்வர். ஒரு நாள் அதிக நேரம் ஆடியதற்காகப் பிள்ளைக்கு நோயாளி என்று பெயரிடுதல் தகாது. அடையாளங்கள் நீடிப்பின் மருத்துவரை அணுகாதிருத்தலும் தகாது.

பணம் வைத்து ஆடுவது வேறு. தமிழ்நாடு அரசு 2022-இல் இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நாடெங்கும் தடைசெய்து, பணயமற்ற போட்டி ஆட்டங்களை ஊக்குவிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. தருமன் காலம் தொட்டு நாம் கண்ட வேறுபாடே இன்று சட்டமாயிற்று.

ஆட்டத்தைச் சீர்தூக்க யான் மூன்று அளவுகோல் வகுத்துக்கொண்டேன். முதலாவது, ஆட்டத்தில் பணயம் உண்டா? உண்டெனின் அது சூது. இரண்டாவது, அழைத்தபோது எழுந்து வர இயலுகிறதா? இயலாதெனின் அது தருமனின் இரண்டாம் ஆட்டம். மூன்றாவது, அது மற்றொரு மனிதரோடு நம்மைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா? சேர்ப்பின் அது மணிலாவில் ஒரு தாயும் மகனும் ஆடிய ஆட்டம்; பிரிப்பின் அது இலக்குமணபுரிப் பிரபுக்களின் ஆட்டம்.

முடிவுரை

சில நாள் கழித்து மகன் அருகில் அமர்ந்து, "உன் ஆட்டத்தை எனக்கும் கற்றுக்கொடு" என்றேன். ஐயத்தோடு நோக்கினான், பின் கைப்பேசியை என் கையில் தந்தான். கோப்புப் புரட்டிப் பழகிய விரல்கள் தடுமாறின. கால் மணி நேரத்தில் ஒன்பது முறை மடிந்தேன். அவன் வாய்விட்டு நகைத்தான்; என் இல்லாளும் நகைத்தாள். "பரவாயில்லை அப்பா, மறுபடியும் தொடங்கலாம்" என்றான். பாட்டியாரின் குரல் என் செவியில் ஒலித்தது.

அன்றிரவு அவனுக்கு யான் கூறிய விடை இது: "நீ கேட்ட முதல் வினாவில் நியாயம் உன் பக்கமே. பரமபதம் புண்ணியமும் அன்று, உன் ஆட்டம் பாவமும் அன்று. ஆடுபவன் எப்படி எழுந்து வருகிறான் என்பதைப் பொறுத்தது அது. இரண்டாம் வினாவுக்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆட்டத்தின் இலக்கை யாரோ ஒருவர் முன்பே எழுதி வைத்துவிட்டார். வாழ்க்கைப் படத்தில் உச்சிக் கட்டம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. அதில் எழுத வேண்டியவன் நீயே. என் கட்டத்தில் உன் பெயரையும் உன் தங்கை பெயரையும் எழுதித்தான் இந்த ஊருக்கு வந்தேன் போலும். அதனை எனக்கே உணர்த்தியது உன் வினாதான்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாலை ஒரு மணி நேரம் ஆடிவிட்டு, யான் அழைக்குமுன்பே எழுந்து வந்தான். அதற்கடுத்த நாள் அழைத்தும் வரவில்லை. பாம்பும் ஏணியும் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கின்றன.

வரும் வைகுண்ட ஏகாதசிக்கு நம் குடியிருப்புக் குடும்பங்கள் அனைத்தும் பரமபதத்துக்கு வருக. பிள்ளைகள் தங்கள் ஆட்டங்களையும் கொண்டு வரட்டும். முதல் பாதி இரவு நாம் அவர்களுக்குக் கற்பிப்போம், மறுபாதி அவர்கள் நமக்குக் கற்பிக்கட்டும். கட்டை நம் கையில் இருக்கும்வரை ஆட்டம் முடிவதில்லை.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!